காற்றோட்டமான மேடு

நனைந்த கித்தானின் வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு வள்ளியம்மாளின் மேல் எரிச்சல் வரும். மழையில் நின்ற லாரியின் தார்ப்பாயாகட்டும், தெருவோரக் கடைக்காரர் மழை விட்டதும் உதறி மடிக்கிற பழைய படுதாவாகட்டும், அந்த மக்கிய வாடை வந்த மாத்திரத்தில் எனக்கு வயது பதின்மூன்றாகிவிடும். பேரன் பேத்தி எடுத்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவிக்கு இப்படி ஒரு காய்ச்சல் தேவையா என்று கேட்டால் தேவையில்லைதான். ஆனால் அது என்னைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

திண்டுக்கல்லில் நான் எட்டாம் வகுப்பு படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் சாரணியர் படை ஒன்று இருந்தது. நாங்கள் அதைக் 'கைட்ஸ்' என்போம். நீலப் பாவாடை, கழுத்தில் மடித்துக் கட்டிய துண்டு, இடுப்பில் பெல்ட். அந்த பெல்ட்டுக்காகவே சேர்ந்தவள் நான். பேகம்பூரில் எங்கள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், தோல் பதனிடும் 'தோல்ஷாப்' இருந்தது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறும் தோலின் நாற்றம் அந்தத் தெருவையே பிடித்துக்கொண்டிருக்கும், அம்மா எவ்வளவு சவுக்காரம் போட்டுத் துவைத்தாலும் என் துணியை விட்டுப் போகாது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மெல்ல நகர்வார்கள். வள்ளியம்மாள் மட்டும் நகர மாட்டாள், வேண்டுமென்றே நெருங்கி உட்காருவாள். இதற்கு நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். எனக்கோ அதுவும் அவள் எனக்குச் செய்கிற உபகாரமாகவே படும்.

அவள் நத்தம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். ஊரில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லாததால் நாகல்நகரில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். கறுப்பு, உயரம், முழங்கால் வரை தொங்கும் இரட்டைச் சடை. படையில் மல்லிகை அணிக்குச் சைனம்பு என்கிற நான் தலைவி, தாமரை அணிக்கு அவள் தலைவி. நான் அரை மணி நேரம் போராடிப் போடுகிற முடிச்சை அவள் மாடு கட்டுகிற கையால் ஒரே இழுப்பில் போட்டுவிட்டு, அடுத்த வேலை என்ன என்று நிற்பாள். சனிக்கிழமை ஊருக்குப் போய்விட்டு வந்தால் பையில் மாங்காய் இருக்கும், அதில் முதல் மாங்காய் செசிலி டீச்சருக்கு. எங்கள் படையை நடத்திய செசிலி டீச்சர் யாரையும் புகழாதவர். நான் தீமூட்டிக் காட்டினால் "ம்" என்பார், வள்ளி மூட்டிக் காட்டினால் "ம், சரி" என்பார். அந்த ஒரு 'சரி'க்காக நான் பட்ட பாட்டை எழுதினால் தனிப் புத்தகமாகும்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் டீச்சர் ஒரு செய்தி சொன்னார். முழுப் பரீட்சை முடிந்ததும் மலைக்குப் போய் மூன்று நாள் முகாம். கொடைக்கானல் ஊருக்குள் இருக்கிற பெரிய ஏரி இல்லை. அதைத் தாண்டி மூன்று மைல் நடந்தால் காட்டுக்குள் சின்னதாக ஓர் ஏரி இருக்கிறது, அதன் கரையில் கூடாரம் போட வனத்துறையில் அனுமதி கிடைத்திருக்கிறது என்றார். முதலில் ஒரு சனிக்கிழமை டீச்சரும் இரண்டு அணித் தலைவிகளும் போய் இடம் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆளுக்கு ஓர் இடம் காட்ட வேண்டும். எந்த இடம் தேறுகிறதோ, அதைக் காட்டியவள்தான் முகாம் தலைவி, மூன்று நாளும் விசில் அவள் கழுத்தில் இருக்கும்.

வீட்டில் அனுமதி வாங்கியது பெரிய கதை. "வயசுப் புள்ளையக் காட்டுக்குள்ள கொண்டுபோயிப் படுக்க வைக்கவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனோம்" என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதாவது எல்லாரும் பார்க்கிற நேரத்தில் சாப்பிடவில்லை. கடைசியில் அத்தாதான் இறங்கி வந்தார். "போய்ட்டு வாம்மா. ஆனா இந்த ஒரு தடவதான். பரீட்சை முடிஞ்சா பள்ளிக்கூடமும் இம்புட்டுத்தான், வீட்டுல இருக்கணும்" என்றார். எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய பெண்ணே கிடையாது, அதனால் அது எனக்குப் பெரிய இடியாக விழவில்லை. மூன்று நாள் கிடைத்ததே, அதுவும் விசிலோடு கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

விடியற்காலை முதல் பஸ்ஸில் போனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் நான் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தேன். வள்ளி எடுக்கவில்லை, அதையும் குறித்துக்கொண்டேன். காட்டுப் பாதையில் நடந்து ஏரியைப் பார்த்தபோது மூவருமே அப்படியே நின்றுவிட்டோம். திண்டுக்கல்லில் ஒரு குடம் தண்ணீருக்குக் குழாயடியில் அடிதடி நடக்கிற மாதம் அது. இங்கே ஒருவரும் தொடாமல், ஒரு குடமும் இறங்காமல், அத்தனை தண்ணீர் சும்மா கிடந்தது. சுற்றிலும் இருண்ட சோலைக்காடு, ஒரு பக்கம் புல் மூடிய மேடு, மேட்டுக்குப் பின்னால் இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு சந்து.

தண்ணீருக்குத் தவித்த ஊர்க்காரியின் புத்தி எங்கே போகும்? நான் நேராகப் போய் ஏரி விளிம்பில், தண்ணீரைக் கையால் தொடுகிற தூரத்தில் நின்று, "இங்கதான் டீச்சர்" என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் செருப்பு சேற்றில் புதைந்தது. பக்கத்தில் பெரிய பெரிய குளம்புத் தடங்கள் இருந்தன. டீச்சர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ம்" என்றார்.

வள்ளி அவசரப்படவில்லை. புல்மேட்டின் மேல் ஏறினாள். குதிகாலால் தரையைக் குத்திப் பார்த்தாள். என் கூஜாவை வாங்கி ஒரு கை தண்ணீர் ஊற்றி, அது தேங்குகிறதா ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு காய்ந்த புல்லை ஒரு பிடி பிடுங்கிக் கசக்கித் தலைக்கு மேலே தூக்கி விட்டாள். அது நேராக விழாமல் மெல்லச் சாய்ந்து போய் விழுந்தது. "எங்க ஊர்ல கதிரடிக்கிற களத்துக்கு எடம் பாக்குறப்ப எங்கய்யா இப்படித்தான் பாப்பாரு டீச்சர். கெட்டித் தர, தண்ணி நிக்காது, நல்ல காத்து. தூத்துறதுக்குக் காத்து இல்லாத எடம் களத்துக்கு ஆகாது" என்றாள். டீச்சர் மேட்டின் மேல் போய் நின்றார். காற்று அவருடைய சேலைத் தலைப்பை எடுத்தது. பங்குனி வெயிலில் வெந்துகொண்டிருந்த ஊரிலிருந்து போன மனுஷி அவர்; கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, எவ்வளவு காத்தோட்டமான எடம்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமான பாராட்டு வந்து நான் கேட்டதேயில்லை.

இருந்தாலும் சாப்பிட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். அந்தச் சாப்பாட்டில் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அம்மா என் மேல் கோபம் தணிந்து, நெய்ச்சோறும் கறியும் ஆக்கி நாலு அடுக்குத் தூக்கில் கொடுத்துவிட்டிருந்தாள். நான் மூடியைத் திறந்ததும் காடே மணத்தது. செசிலி டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டு, "தவசு காலம்மா. ஈஸ்டர் வரைக்கும் கறி தொட மாட்டேனே" என்றார். வள்ளி இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். புளிச்சோறு, வெஞ்சனத்துக்குத் தேங்காய்த் துவையல். டீச்சர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, "ம், சரி" என்றார். நான் நெய்ச்சோற்றுத் தூக்கை மூடி வைத்தேன்.

கை கழுவத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று கூஜாவை எடுத்துக்கொண்டு சோலை ஓரம் ஓடிய ஓடைக்குப் போனேன். உண்மையில் அழப் போனேன். அங்கே காக்கிச் சட்டை போட்ட வனக் காவலர் ஒருவர் மூங்கில் கழியோடு உட்கார்ந்திருந்தார். "ஏம் பாப்பா, கொட்டாய் போட எடம் பாக்க வந்தீங்களா? எங்க போடப் போறீங்க?" என்று கேட்டார். மேட்டைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். "மேடு வேண்டாமுங்க. இப்ப இப்படிக் கெடக்குதேன்னு பாக்காதீங்க. சித்திரையில சாயங்காலம் மழை கூடுச்சுன்னா அந்தச் சந்து வழியா காத்து வாரி அடிக்கும். ஒண்ணும் நிக்காது. இந்தா, இந்தச் சோலை ஓரமாப் போடுங்க, மரம் காத்துக்கும். டீச்சரம்மாகிட்ட சொல்லிருங்க" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வரும்போது சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன், அல்லாஹ் அறிய. ஆனால் மேட்டில் டீச்சர் தன் டயரியில் கூடாரங்களைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார், வள்ளி அவர் தோளை ஒட்டி நின்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். "வள்ளி எடந்தான் முடிவு" என்று டீச்சர் நிமிராமலே சொன்னார். வந்த வார்த்தை எனக்குள்ளேயே திரும்பிப் போனது. காற்று வரட்டுமே என்று நினைத்தேன். வந்து அவளுடைய களத்தைத் தூற்றட்டும், அப்போது பார்ப்போம் எத்தனை 'சரி' கிடைக்கிறது என்று. இதில் பெரிய முட்டாள்தனம் என்னவென்றால், சோலை ஓரத்து இடத்தை நானே கண்டுபிடித்ததாகச் சொல்லியிருந்தால் விசில் என் கழுத்துக்கு வந்திருக்கும். பொறாமை பிடித்தவளுக்கு அந்தச் சாமர்த்தியம்கூட வேலை செய்யாது போலிருக்கிறது. அவள் கெட வேண்டும் என்பதிலேயே இருந்தேன், நான் ஜெயிக்கலாம் என்பது தோன்றவேயில்லை.

அதற்குப் பிறகு முகாமுக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. தினமும் டீச்சரைப் பார்த்தேன், தினமும் சொல்லவில்லை.

முகாமுக்கு இருபத்தாறு பெண்கள் போனோம். கூடாரத்துணி போதாமல் அத்தா தோல்ஷாப்பிலிருந்து இரண்டு தார்ப்பாய் கொடுத்தனுப்பினார். வள்ளி கழுத்தில் விசில். அவள் ஊதினால் நாங்கள் ஓட வேண்டும், ஊதினால் நிற்க வேண்டும். முளைக்குச்சிகளை அவளே ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து இறுக்கினாள். மதியம் ஏரியில் கால் நனைத்தோம், கீழேயிருந்து சமையலுக்குக் கொண்டுபோன பச்சைக்காய்களை நறுக்கினோம், எங்கள் அணியின் சின்னப் பெண் ஒருத்தி பாடினாள். நான் சிரித்தேனா என்று எனக்கு நினைவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. நாலு மணிக்கும் வானம் துடைத்த மாதிரி இருந்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

ஐந்து மணிக்கு மேல் சந்தின் பின்னால் கறுத்தது. செத்த நேரம் புல்கூட அசையவில்லை. அப்புறம் அது வந்தது. முதல் வீச்சிலேயே சோற்றுப் பானை உருண்டது. இரண்டாவதில் முளைக்குச்சிகள் பிடுங்கிக்கொண்டு பறந்தன, அத்தாவின் தார்ப்பாய் ஒன்று ஏரிக்கு மேலே போய் நடுத்தண்ணீரில் விழுந்தது. மழை பக்கவாட்டில் அடித்தது. பெண்கள் நனைந்த கித்தானுக்குள் மாட்டிக்கொண்டு தாயைக் கூப்பிட்டு அலறினார்கள். பாடிய சின்னப் பெண்ணின் நெற்றியில் கூடாரக் கம்பு விழுந்து ரத்தம் வழிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. காற்று வள்ளியை மட்டும் அடிக்கும் என்றா நினைத்திருந்தேன்? அவள் ஓடி ஓடி ஒவ்வொருத்தியாக இழுத்து வெளியே விட்டாள். நான் அந்தச் சின்னப் பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டுக் கிடந்தேன். காவலர் ஓடி வந்து எங்கள் எல்லாரையும் வனத்துறைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார்.

காலையில் வெயில் ஒன்றும் நடக்காத மாதிரி அடித்தது. டீச்சர் எங்களை வரிசையாக உட்கார வைத்துவிட்டு, திரும்பிப் போகிறோம் என்றார். மூன்று நாளில் இன்னும் இரண்டு நாள் அப்படியே மிச்சம் இருந்தது. எனக்கு வாழ்நாளுக்கும் கிடைத்ததே அந்த மூன்று நாள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அதில் இரண்டை நானே எடுத்துத் தண்ணீரில் போட்டிருந்தேன்.

காபி கொண்டுவந்த காவலர் சும்மா இருக்கவில்லை. "அன்னைக்கே இந்தப் பாப்பாகிட்ட சொன்னேனுங்களே டீச்சரம்மா, மேடு வேண்டாம், சோலை ஓரமாப் போடுங்கன்னு" என்று என்னைக் கைகாட்டினார். இருபத்தைந்து தலைகளும் திரும்பின. டீச்சர் என் பக்கம் வந்து நின்றார். "சொன்னாரா?" என்றார்.

வள்ளி எழுந்தாள். சடை இரண்டும் அவிழ்ந்து, உடம்பெல்லாம் சேறு. "சைனம்பு எங்கிட்டச் சொன்னா டீச்சர். நாந்தான் கேக்கல" என்றாள்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீச்சர் அவள் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டி, "வரிசையில நிக்க வை. பஸ்ஸுக்கு நடக்கணும்" என்றார். நான் ஊதினேன். எல்லாரும் வரிசையில் நின்றார்கள், வள்ளியும் கடைசியில் போய் நின்றாள். மூன்று மைலும் நான் முன்னால் நடந்தேன். பழியை ஏற்றுக்கொண்டவளைப் பார்த்து எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், வந்ததும் உண்டு. அதைவிட அதிகமாக வந்தது இன்னொன்று: இந்தப் பெருந்தன்மையும் இவளுக்கேதானா, அதிலும் எனக்கு ஒரு பங்கு வைக்க மாட்டாளா என்று.

அந்தக் கோடையோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அடுத்த வருஷம் அதே மாதம், நீலப் பாவாடையும் மூட்டையுமாக அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போவதை மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வள்ளி கழுத்தில் விசில் இருந்தது. எங்கள் வீட்டைக் கடக்கும்போது அவள் அண்ணாந்து பார்த்தாள். நான் திரையை விட்டுவிட்டேன். சோலை ஓரத்தில் கூடாரம் போட்டு மூன்று நாளும் முழுசாக இருந்துவிட்டு வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் என் மகன் காரில் அந்த ஏரிக்குக் கூட்டிப் போனான். கம்பி வேலி போட்டு, உள்ளே போக டிக்கெட் வைத்திருக்கிறார்கள். சோலை இருந்த பக்கம் வண்டிகள் நிற்கிற இடமாகிவிட்டது, ஓடை சிமெண்டுக் குழாய்க்குள் போகிறது. மேட்டில் கண்ணாடி ஜன்னல் வைத்த விடுதி ஒன்று நிற்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்போது சாரணியர் படை இல்லையாம். செசிலி டீச்சர் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வள்ளி மட்டும் நத்தத்தில் இருக்கிறாள். உடற்பயிற்சி டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டு. கல்யாணங்களில் பார்ப்போம், பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம், இதை மட்டும் பேசியதில்லை. என்ன தோன்றியதோ, மகனின் போனை வாங்கி அங்கே நின்றபடியே அவளைக் கூப்பிட்டேன்.

"வள்ளி, நம்ம ஏரியில நிக்கிறேன். அன்னைக்கு அந்தக் காவல்காரர் சொன்னதை நான் உங்கிட்டச் சொல்லவே இல்ல. வேணும்னுதான் சொல்லல" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதாக்கும்" என்று சிரித்தாள் அவள். "நீ சொல்லாததைத்தானே நான் 'சைனம்பு சொன்னா'ன்னு டீச்சர்கிட்ட சொன்னேன்."

"பிறகு எதுக்குடி பழிய ஏத்துக்கிட்ட?"

"எனக்கு அடுத்த வருஷமும் கேம்ப் இருக்கு. ஒனக்கு அதோட சரின்னு நீதான் பஸ்ல சொல்லிட்டு வந்தியே. வீட்டோட இருக்கப் போறவ, போற நேரத்துல எதுக்கு டீச்சர்கிட்ட ஏச்சு வாங்கிட்டுப் போகணும்னு இருந்துச்சு. விசிலாவது ஊதிட்டுப் போகட்டுமேன்னு."

தோப்புக்கு வா, மாங்காய் பறிக்கிற நேரம்தான் என்று வேறு சொல்லிவிட்டு வைத்தாள். அறுபது வருஷம் நான் அவள் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் அன்றைக்கே, சேற்றில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்துப் பாவம் என்று நினைத்து முடித்துவிட்டிருக்கிறாள்.